பென்சிலால் எழுதிய விருப்பம்

என் பிறந்த திகதியைப் பென்சிலால் எழுதிய மனுஷி அந்த அக்கா ஒருவர்தான்.

"இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

"அம்மா சொன்னவ. பிறப்புப் பதிவிலயும் கிடக்கு."

"அப்ப நீங்க பாக்கல்ல" என்று சொல்லி நீலப் பேனையை மூடி வைத்தார். காதுக்கு மேல் செருகியிருந்த பென்சிலை எடுத்து, முப்பது வருசமாக நான் கேக் வெட்டிய திகதியை மெல்லிய எழுத்தில் எழுதினார். பக்கத்துக் கதிரையில் இருந்த என் கணவர் சிரித்தார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்து, "உங்கடயும் பென்சில்தான் தம்பி" என்றார். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அக்காவின் பெயரை எழுத மாட்டேன். கேட்காமல் ஒருவருடைய பெயரைத் தாளில் போடுவது அவருக்குப் பிடிக்காது.

ஆரையம்பதியில் வாவிப் பக்கம் போகும் ஒழுங்கையில் ஒரு வாடகை வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று வெளியே ஒரு பலகை. உள்ளே ஒரு மேசை, மூன்று பிளாஸ்டிக் கதிரை, கடகடவென்று சத்தம் போடும் ஒரு மின்விசிறி. தாள்கள் பறக்காமலிருக்க வாவிக்கரையில் பொறுக்கிய மட்டி ஓடுகளை மேலே வைத்திருப்பார். முத்திரை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருக்கும். காத்தான்குடியிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள், படிக்கப் போகிற பிள்ளைகள், காணி உறுதிப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற கிழவர்கள் எல்லாரும் அந்த மூன்று கதிரைகளுக்காகத்தான் வெயிலில் காத்து நிற்பார்கள். வருகிறவருக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்க மாட்டார்.

"தண்ணி குடிச்சா கை ஈரமாகும். ஈரக் கையால தாளைத் தொட்டா ஆருக்கு நட்டம்?" என்பார்.

எங்கள் பக்கத்தில் இது சின்ன விசயமில்லை. பகைத்தவன் வாசல் கடப்படிக்கு வந்தாலும் முதலில் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் மற்றது. ஆகவே ஊரில் அவருக்கு 'பச்சத்தண்ணி குடுக்காத பொம்புள' என்று பெயர். ஆனால் அவருடைய முத்திரை குத்திய தாள் எந்த அலுவலகத்திலும் திரும்பி வந்ததில்லை என்பதால், திட்டிக்கொண்டே எல்லாரும் அங்கேதான் போனார்கள்.

அவருடைய வேலைமுறை இதுதான். முதலில் வெறும் தாளில் ஒரு வரைபு எழுதுவார். நீங்கள் கண்ணால் பார்த்ததும் கையால் செய்ததும் பேனையில் வரும். அடுத்தவர் சொல்லிக் கேட்டதெல்லாம் பென்சிலில். கடைசியில் பென்சில் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கு ஒரு சான்றிதழோ உறுதியோ காட்டச் சொல்வார். காட்டினால் மேலே பேனையால் எழுதுவார். காட்டாவிட்டால் அழித்துவிடுவார். என் பிறந்த திகதிக்கும் பதிவைக் காட்டிய பிறகு மை கிடைத்தது, ஆனால் மனமில்லாமல்தான். "பதிவாளரும் பாத்திரிக்க மாட்டார். சரி, அவர் கையெழுத்து வச்சிரிக்கார், இனி அது அவர்ர பாடு" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

இது மேசையோடு நின்றால் பரவாயில்லை. மீன்காரர் சைக்கிளை நிறுத்தி, "இப்ப வாவியில பிடிச்ச இறால் அக்கா" என்றால், "நீங்களா பிடிச்ச?" என்று கேட்பார். "இல்ல, வாங்கின." "அப்ப எப்பிடித் தெரியும்?" இரண்டு கேள்வியில் அந்த மனுசன் நேற்றைய இறால் என்று ஒப்புக்கொண்டுவிடும். மூன்றாம் கிழமையிலிருந்து அந்த ஒழுங்கைக்கே மீன் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுத்த ஒழுங்கைக்கு நடந்துபோய் வாங்கினார்கள். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் தகப்பன், ஆயிரம் பேருக்குச் சோறு போட்டோம் என்று சொல்ல, அக்கா எட்டி எட்டிப் பந்தியைப் பார்த்ததை நானே கண்டேன். எண்ணியிருப்பார்.

நாங்கள் அவரிடம் போன கதைக்கு வருகிறேன்.

என் கணவர் களுவாஞ்சிகுடியில் பிறந்து, எட்டு வயதில் தாய் தகப்பனோடு கனடா போனவர். அங்கே படித்து, அந்த நாட்டுக் குடிமகனாகி, உன்னிச்சைக் குளத்திலிருந்து குடிதண்ணீர் கொண்டுவரும் வேலை ஒன்றுக்குப் பொறியியலாளராகத் திரும்பி வந்தார். அவருடைய தமிழ் எட்டு வயதோடு நின்றுபோயிருந்தது. பெரிய மனுசன், "எனக்குப் பசிக்கு, சோறு தாங்க" என்று கேட்டால் என் அம்மா அகப்பையோடு ஓடி வருவார். அம்மாவுக்கு அவரைப் பிடித்ததே அதனால்தான். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளர். கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி அவர் என் வீட்டுக்கு வந்தார். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்.

இரண்டு வருசம் நன்றாகத்தான் போனது. பிறகு கனடாவில் இருந்த மாமிக்கு, இவருடைய தாய்க்கு, சிறுநீரகம் பழுதானது. கிழமைக்கு மூன்று நாள் மெசினில் படுக்க வேண்டும். இவருடைய வேலை ஒப்பந்தமும் முடியப் போகிறது. இவர் தனியாகப் போய் அங்கேயிருந்து என்னைக் கூப்பிடலாம், அல்லது இங்கே என்னோடு இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். "நீ இல்லாம நான் போகல்ல" என்றார். ஆகவே இரண்டாவது வழி.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு கட்டுத் தாளில் நாங்கள் இங்கே ஒரே வீட்டில் ஒன்றாக வாழ்கிறோம், இது உண்மையான குடும்பம் என்று நிரூபிக்க வேண்டும். இன்னொரு கட்டில், விசா கிடைத்த உடனே இந்த வீட்டை விட்டுப் போய் அங்கேயே நிரந்தரமாக வாழ்வோம் என்று நிரூபிக்க வேண்டும். வேர் விட்டிருக்கிறது என்றும் காட்டவேண்டும், பிடுங்கினால் வரும் என்றும் காட்டவேண்டும். எனக்கு முதல் நாளிலிருந்தே தலை சுற்றியது.

முதல் நாள் அக்கா கேட்டார்: "கலியாணம் எப்ப?"

நான், "ஆவணியில" என்றேன். அதே நேரம் என் கணவர், "மார்ச்" என்றார்.

அக்கா பேனையையும் பென்சிலையும் இரண்டையுமே கீழே வைத்துவிட்டார். "ரெண்டு பேரும் ஒராள ஒராள்தானே கட்டின நீங்க?"

மார்ச்சில் எங்களுக்கு எழுத்து. பதிவாளர் வீட்டுக்கு வந்து, நாங்கள் கையெழுத்து வைத்து, எல்லாருக்கும் கேக்கும் பலகாரமும் கொடுத்தோம். அன்று பின்னேரமே இவர் கல்லடியில் தான் தங்கியிருந்த அறைக்குத் திரும்பிப் போய்விட்டார். தாலி கட்டியது ஆவணியில், கோயிலில். எங்களுக்கு எழுத்து என்றால் பேச்சு உறுதியானதென்று அர்த்தம். தாலிக்குப் பிறகுதான் குடும்பம். இடைப்பட்ட ஐந்து மாதமும் வெள்ளிக்கிழமைகளில் வந்து விறாந்தையில் இருந்து, அம்மா கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார். ஆனால் அங்கே வளர்ந்த மனுசனுக்குக் கையெழுத்து வைத்த நாள்தான் கலியாணம். அன்று முதலே மனைவியோடு ஒரே வீட்டில் வாழ்கிறேன் என்று கனடா அரசாங்கத்தின் ஒரு வரிப் படிவத்தில் எழுதியும் கொடுத்துவிட்டார். இப்போது நான் ஆவணி என்று எழுதினால் எங்களில் ஒருவர் பொய்காரர்.

"இந்த அஞ்சு மாசமும் அவர் எங்க படுத்தவர் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அக்கா என்னைக் கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

எனக்கு முகமெல்லாம் சுட்டது. "கல்லடியில எண்டு சொன்னவர்" என்றேன்.

"பென்சில்" என்றார் அக்கா.

கடைசியில் கல்லடி அறைக்காரரிடம் கடிதம் வாங்கினோம். அக்கா எங்கள் ஊரில் எழுத்து என்றால் என்ன, தாலி என்றால் என்ன என்று ஒரு முழுப் பக்கம் விளக்கி எழுதினார். வரிப் படிவத்தில் பிழை விட்டதை என் கணவர் தன் கையாலேயே எழுதி ஒப்புக்கொண்டார். அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டும்போது, எங்கள் கலியாணத்தை முதல்தடவையாக வெளியே நின்று பார்ப்பதுபோல இருந்தது.

அடுத்தது வீடு. மின்சார பில், தண்ணீர் பில், காணி உறுதி எல்லாம் என் பெயரில். முன்னர் அம்மாவின் பெயரில் இருந்தவை, கலியாணத்தோடு எனக்கு வந்தவை. என் கணவரின் பெயர் அந்த வளவில் ஒரு தாளிலும் இல்லை. தாள்களை மட்டும் பார்த்தால் அப்படியொரு மனுசன் எங்கள் வீட்டில் கிடையாது. மின்சார பில்லை மட்டும் அவருடைய பெயருக்கு மாற்றுவோம் என்று நான் சொன்னதும் அம்மா அகப்பையை வைத்துவிட்டு வந்தார்.

"என்னகா பறையிறாய்? பொம்புளப் புள்ளைட வளவுக்குள்ள ஆம்பிளைட பேரா? இண்டைக்கு பில்லு, நாளைக்கு உறுதி. மறுகா நீ எங்க போவாய்?"

"அம்மா, நாங்க போறதுக்குத்தான் இதெல்லாம் செய்யிறம்."

"போறவளுக்குத்தான் திரும்பி வர வீடு வேணும்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுக்களைக்குப் போய்விட்டார்.

இதை அக்காவிடம் போய்ச் சொன்னேன். அம்மாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அவ சரியாத்தான் சொல்றா. பில்ல மாத்த வேணா" என்றார். பிறகு என் கணவரின் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த வீட்டில உங்கட எண்டு என்ன கிடக்கு?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "செருப்பு" என்றார்.

"எங்க கழட்டுவீங்க?"

"படிக்கு இடப்பக்கம். வலப்பக்கம் மாமிட." மாமி என்று அவர் சொன்னது என் அம்மாவை.

அக்கா பேனையால் எழுதினார். "வேற?"

"கறுப்பு நாய் இப்ப என்னப் பாத்துக் குரைக்கிறல்ல."

அதையும் பேனையால் எழுதினார். உப்புப் போத்தல் எந்தத் தட்டில், கிணற்றுக் கப்பிக்கு யார் எண்ணெய் விடுவது, மழை பெய்தால் கூரை எந்த மூலையில் ஒழுகும் என்று கேட்டுக்கொண்டே போனார். எட்டு வயதுத் தமிழில் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனுசன் எங்கள் வீட்டை இவ்வளவு பார்த்து வைத்திருக்கிறாரா என்று இருந்தது. மனைவியை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்ற கேள்விக்கு அவர் என் பெயரைச் சொன்னார். அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று என்னைக் கேட்டபோது, "இஞ்சாருங்க எண்டு" என்றேன். அதற்கும் மை கிடைத்தது.

அன்றைக்கு ஒன்றை நாங்கள் விளங்கிக்கொள்ளவில்லை. வேலைத்தலம் உன்னிச்சை என்று இவர் சொன்னதும் அக்கா படிவத்தில் இல்லாத கேள்விகள் கேட்கத் தொடங்கினார். குளத்தின் எந்தப் பக்கம், எந்தப் பாதையால் போவீர்கள், அந்தப் பக்கத்து வயல் வட்டையெல்லாம் இப்போது விதைக்கிறார்களா, வயலுக்குக் காவலிருக்கும் பழைய வாடிகள் ஏதும் நிற்கிறதா. இவர் தெரிந்ததைச் சொன்னார். ஒரு சொல்லையும் அக்கா எழுதவில்லை.

அக்காவைப் பற்றி ஊருக்கு ஒன்றும் தெரியாது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து வந்தவர். ஞாயிறு விடிய ஸ்கூட்டரில் பாலம் கடந்து போவார், பொழுதுபட வருவார். இங்கே எந்தப் பெண்ணும் வாடகை வீட்டில் இருப்பதில்லை என்பதால் அவரைப் பற்றி எல்லாருக்கும் ஒவ்வொரு கதை. புருசனைச் சண்டைக் காலத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஒருவர். இல்லை, அவர் சுவிசில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார் என்று இன்னொருவர். எங்கள் அம்மா, "அவ கலியாணமே கட்டல்ல" என்று சத்தியம் பண்ணுவார். நெற்றியில் பொட்டு இருக்கும். கழுத்தை மூடிய சட்டை போடுவதால் தாலி இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. நானும் ஒருநாள் குனிந்து பார்த்தேன். அவர் கண்டுவிட்டார். சட்டைக் கழுத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். எனக்குத்தான் பேனை கையில் இருந்து வழுக்கியது.

இனி, விசா கிடைத்தால் அங்கேயே வாழ்வோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதம். கணவர் தன் பக்கத்துக்குரிய கடிதத்தைக் கொடுத்துவிட்டார். கனடாவில் அவருடைய சொந்த அக்காவின் வீட்டில் எங்களுக்கு இரண்டு அறை என்ற கடிதம், வேலைக்கு எழுதிய விண்ணப்பங்கள், மாமியின் வைத்தியர் எழுதிய துண்டு எல்லாம் இணைத்தாயிற்று. நானும் ஒரு கடிதம் எழுதினால் பலம் என்று அந்த அக்கா போனில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அக்காவிடம் நான் தனியாகப் போனேன்.

"நீங்க சொல்லுங்க, எழுதுறன்" என்றார்.

"நான் என்ட கணவரோட கனடாவுக்குப் போய் நிரந்தரமா வாழ விரும்புறன்."

பேனை அசையவில்லை. "எப்பிடித் தெரியும்?"

"என்னக்கா இது? என்ட விருப்பம் எனக்குத் தெரியாதா?"

"பிறந்த திகதி ஆக்கள் சொன்னது. இது ஆரு சொன்னது?"

கோபம்தான் முதலில் வந்தது. பிறகு நான் யோசித்தேன். போவோம் என்று இவர் சொன்னார். வா மகள் என்று மாமி போனில் சொன்னார். உனக்கென்ன, பறந்திருவாய் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போகாதே என்று அம்மா சொல்லாமல் சொன்னார். நான் எங்கே, எப்போது சொன்னேன் என்று தேடிப் பார்த்தேன். ஒரு நாளும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"தெரியா" என்றேன்.

அக்கா காதிலிருந்து பென்சிலை எடுத்து நான் சொன்ன முதல் வரியை எழுதினார். பிறகு பேனையை எடுத்தார். "இப்ப தெரிஞ்சதச் சொல்லுங்க."

நான் சொன்னேன். என் வேலை நேரம் பிந்தினால் இவர் சாப்பிடாமல் இருப்பார். இவர் மூன்று நாள் கொழும்புக்குப் போனபோது நான் அம்மாவின் அறையில் பாய் போட்டுப் படுத்தேன், ஆனாலும் நித்திரை வரவில்லை. தாயோடு போனில் பேசிவிட்டு வாவியைப் பார்த்தபடி நின்று சட்டையால் முகத்தைத் துடைப்பார், நான் பார்த்தால் தூசு என்பார். அப்பா இறந்த பிறகும் அம்மா ஆறு மாதம் மூன்று பேருக்கே சோறு காய்ச்சினார். நான் போனால் ஒருவருக்கு எப்படிக் காய்ச்சுவது என்று அவருக்குத் தெரியாது. சொல்லி முடிக்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். ஒரு பக்கம் நிறைய நீல எழுத்து. தலையில் மட்டும் ஒரு வரி பென்சிலில்.

அதை அப்படியே ஆங்கிலத்திலும் எழுதினார். போக விரும்புகிறேன் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தவை கீழே உள்ளவை என்று.

என் கணவர் அதை இரண்டு முறை வாசித்தார். "இத அனுப்பினா றிஜெக்ட் பண்ணுவாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்கு விருப்பம் இல்லையா?" என்று கேட்டார்.

"அப்பிடி நான் சொல்லல்லயே."

"அப்ப விருப்பமா?"

"அப்பிடியும் சொல்லல்ல."

"எனக்கு விளங்கல்ல."

"எனக்கும்தான் விளங்கல்ல" என்றேன். பொய்யில்லை.

அவர் அக்காவிடம் வந்து அந்த முதல் வரியை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். "அவ மாத்திச் சொன்னா மாத்துறன்" என்றார் அக்கா. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அந்த ஒரு வரியைச் சொன்னால் போதும், மாமி மகனைப் பார்ப்பார், எங்களுக்கு ஒரு முடிவு வரும். வாய் வரவில்லை. அக்கா பிஸ்கட் ரின்னின் மூடியை மெதுவாக அழுத்தி மூடினார்.

நாங்கள் பட்டணத்தில் வேறொருவரிடம் போனோம். அவரிடம் கடிதம் தயாராகவே இருந்தது. பெயரை மட்டும் மாற்றினார். அந்தக் கடிதத்தின்படி நான் சின்ன வயதிலிருந்தே கனடாவின் இயற்கை அழகில் மனதைப் பறிகொடுத்தவள். கையெழுத்து வைத்தேன். அதற்குப் பிறகு அக்காவின் ஒழுங்கையால் போக வெட்கமாக இருந்தது. சுற்றிக்கொண்டு மெயின் றோட்டால் போனேன். நேர்மையான மனுசர்கள் மேல் எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று அப்போது விளங்கவில்லை.

பதினொரு மாதம் காத்திருந்தோம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் இவர் போகவில்லை. வேலையில்லாத மாப்பிள்ளை என்று ஊர் பறைந்தது. மாமியின் குரல் போனில் தேய்ந்துகொண்டே போனது. பிறகு ஒரு நாள் விசா வந்தது.

இப்போது நாங்கள் கனடாவுக்கு வந்து ஐந்து வருசம். மாமியின் கடைசி ஒன்றரை வருசத்தில் மருந்துப் பெட்டியை நான்தான் நிரப்பினேன். அவர் என் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடினார். வந்தது நல்லதுதான் என்று அன்று நினைத்தேன். அம்மா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். மின்சார பில் இன்னும் என் பெயருக்குத்தான் வருகிறது. போன கிழமை இங்கே இருப்பதற்கான அட்டையைப் புதுப்பிக்க ஒரு படிவம் நிரப்பினோம். கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தை இவர் விரலால் காட்டினார். நான் எழும்பிப் போய் மேசை லாச்சியைத் திறந்து, அக்கா தந்த அந்த வரைபை எடுத்துப் பார்த்தேன். நீல எழுத்துகள் ஒன்றும் மாறவில்லை. பென்சில் வரி மங்கித்தான் போயிருக்கிறது, ஆனாலும் வாசிக்கலாம். அதன் மேல் பேனையால் எழுதவும் எனக்கு வரவில்லை, அழிக்கவும் வரவில்லை. திரும்ப வைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாள் என் கைக்கு வந்தது ஊரிலிருந்து புறப்படுவதற்கு இரண்டு நாள் முந்தி. சொல்லாமல் போகக் கூடாது என்று அம்மா விரட்டியதில், ஒரு சட்டித் தயிரோடு அக்காவிடம் போனேன்.

"மெயின் றோட்டாலதான் போறீங்க போல" என்றார்.

"எப்பிடித் தெரியும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"பாத்தன்" என்றார். கோபமில்லை. மட்டி ஓட்டுக்கு அடியிலிருந்து என் வரைபை எடுத்துத் தந்தார். "இது உங்கட. நான் வச்சிரிக்கேலா." பிறகு மேசை லாச்சியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். வங்கிக் கணக்குத் திறக்கும் சாதாரணப் படிவம். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அவருடைய அழகான கையெழுத்தில் நிரம்பியிருந்தன. ஒரு இடம் மட்டும் வெறுமை. திருமணமாகாதவர், திருமணமானவர், விதவை, விவாகரத்தானவர் என்று நான்கு பெட்டிகள்.

"மூணு படிவம் கிழிச்சுப் போட்டன்" என்றார். "எல்லாருக்கும் நான் கேக்கலாம். எனக்கு நானே கேக்கேலா. நீங்க கேளுங்க, நான் சொல்றன். எழுதுங்க."

பேனையையும் பென்சிலையும் எடுத்து என் பக்கமாக வைத்தார். தன் கதிரையிலிருந்து எழும்பி, வருகிறவர்கள் இருக்கும் பிளாஸ்டிக் கதிரையில் வந்து இருந்தார்.

"கலியாணமானவரா?" என்று கேட்டேன்.

"ஓம்."

கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அது அவருக்குச் செய்கிற மரியாதையாக இருக்காது. "எப்பிடித் தெரியும்?" என்றேன்.

அக்கா வாசலைப் பார்த்தார். "உன்னிச்சைப் பக்கம் எங்களுக்கு வட்டையில ஒரு துண்டு வயல். சண்டைக் காலம். விடிய ஆறரைக்கு அவருக்குச் சோறு கட்டிக் குடுத்து விட்டன். மூணு தட்டுச் சாப்பாட்டுப் பெட்டி. ஓரத்துல நசிஞ்சிரிக்கும். பின்னேரம் கொண்டு வாறன் எண்டவர்." கொஞ்சம் நிறுத்தினார். "பெட்டி இன்னும் வரல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில எங்கட பழைய வீட்டப் போய்க் கூட்டி, அடுக்களையில பாக்கிறன். வரல்ல."

"வேற?" என்றேன். அவர் கேட்பதுபோலவே கேட்டேன்.

"வேற ஒண்டும் தெரியா. ஆக்கள் சொல்றதெல்லாம் பென்சில்."

நான் பேனையை எடுத்தேன். 'திருமணமானவர்' என்ற பெட்டிக்குள் சரி போட்டேன். எனக்குச் சந்தேகம் வரவில்லை. என் சொந்தப் படிவங்களில் ஒன்றில்கூட அப்படி நான் எழுதியதில்லை. தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். அக்கா வழக்கம்போல முதலிலிருந்து சத்தமாக வாசித்தார். அந்தப் பெட்டிக்கு வந்ததும் அதையும் வாசித்தார். கீழே கையெழுத்து வைத்தார். மை காயும்வரை தாளை மின்விசிறிக்கு நேரே பிடித்திருந்தார்.

பிறகு எழும்பி உள்ளே போகத் திரும்பியவர், கதவடியில் நின்று என்னைக் கேட்டார்:

"தண்ணி குடிக்கிறீங்களா?"